சின்னக் கடல் சாமந்திகள்: முல்லைத்தீவில் ஒரு கண்ணாடிப் பெட்டியும் மெல்பேர்ணிலிருந்து வரும் படங்களும்

அக்காவின் மகள் மெல்பேர்ணில் படிக்கிறாள். கடல் வற்றும் நேரம் பார்த்துக் கரைப்பாறைகளுக்குப் போய், விரல்நகத்தளவு கடல் சாமந்திகளை (பூப்போல் விரியும் கடல் விலங்குகள்) படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புவாள். "மாமா, இது என்ன இனம் எண்டு சொல்லுங்கோ" என்று கூடவே ஒரு குரல் பதிவும் வரும். நான் இருப்பது முல்லைத்தீவில். எங்கள் கடல் வருடம் முழுக்க வெதுவெதுப்பாகவே இருக்கும். அவள் நிற்கும் போர்ட் பிலிப் குடாவிலோ குளிர்காலத்தில் தண்ணீர் 10, 11 பாகை செல்சியசுக்கு இறங்கிவிடும். அங்கே வாழும் சாமந்திகளில் ஒன்றைக்கூட நான் கையில் எடுத்துப் பார்த்ததில்லை. அவளும் எடுக்க முடியாது. அவள் வழக்கமாகப் போகும் ரிக்கற்ஸ் பொயின்ற் 2002ஆம் ஆண்டிலிருந்து கடல் சரணாலயம். உயிரிகளைப் பிடுங்கவோ கொண்டு போகவோ கூடாது. ஆக, எங்களிடம் இருப்பது படங்கள் மட்டும்தான்.

வந்த படங்கள் எல்லாம் ஒரே மாதிரி இருந்தன. மேலிருந்து எடுத்தவை, நன்றாக விரிந்த பூ, அழகான நிறம். பார்க்க ஆசையாக இருக்கும், ஆனால் பெயர் சொல்ல உதவாது. என்ன மாதிரிப் படம் வேண்டும் என்று அவளுக்குச் சொல்ல வேண்டுமென்றால், முதலில் நானே உயிருள்ள சாமந்தியைப் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும் என்று தோன்றியது. எங்கள் கரையில் கிடைப்பதில் பழகுவோம் என்று ஒரு பெட்டி செய்தேன்.

பெட்டி பெரிய வேலை இல்லை. 4 மில்லிமீற்றர் கண்ணாடி. ஜன்னல் வெட்டி மிஞ்சிய துண்டுகள் புதுக்குடியிருப்பில் கண்ணாடி வெட்டும் கடையில் மலிவாகக் கிடைத்தன. நீளம் 15 சென்ரிமீற்றர், உயரம் 10, அகலம் வெறும் 6. அகலத்தைக் குறைத்ததில்தான் விஷயம் இருக்கிறது. உயிரி முன்கண்ணாடிக்குக் கிட்ட இருக்க வேண்டும். இடையில் தண்ணீர் கூடினால் சின்ன உடம்பின் விளிம்புகள் மங்கிவிடும். மூலைகளை ஒட்ட மீன்தொட்டிக்கு என்றே விற்கும் சிலிக்கன் வாங்குங்கள். குளியலறைக்கு விற்பதில் பூஞ்சை பிடிக்காமல் இருக்க மருந்து கலந்திருக்கும்; அது சாமந்திக்கு நஞ்சு. ஒட்டிய பிறகு வினாகிரி மணம் முழுதாகப் போகும்வரை காயவிட்டு, நல்ல தண்ணீர் ஊற்றி ஊற்றி மாற்றிய பின்தான் கடல்நீர் விட்டேன்.

பின்பக்கத்துக்கு ஒரு கறுப்பு அட்டையை லெமினேற் செய்து சொருகினேன். வெளிச்சம் பக்கவாட்டிலிருந்து வர வேண்டும். முன்னிருந்து டோர்ச் அடித்தால் கண்ணாடி மின்னும், உயிரியும் தட்டையாகத் தெரியும். வெள்ளை ஐஸ்கிரீம் பெட்டியின் மூடியை இடையில் பிடித்துப் பக்கத்திலிருந்து வெளிச்சம் விட்டால், தண்டில், அதாவது பூவைத் தாங்கும் உடம்பில், உள்ள சிறு பருக்கள்கூட நிழல் விழுந்து எடுப்பாகத் தெரியும். போனுக்கு வவுனியாவில் வாங்கிய கிளிப் மக்ரோ லென்ஸ், அதை அசையாமல் வைக்க பிவிசி பைப் துண்டுகளில் ஒரு தாங்கி, அவ்வளவுதான். அளவுக்கு வரைபுத்தாளில் சிறு துண்டை லெமினேற் செய்து உயிரிக்குப் பக்கத்திலேயே, அதே தூரத்தில் நிற்க வைப்பேன். பின்சுவரில் ஒட்டினால் அளவு பொய் சொல்லும்.

தண்ணீர்தான் எங்கள் வெயிலில் கவனிக்க வேண்டியது. இவ்வளவு சின்னப் பெட்டியில் ஒரு பகலுக்குள்ளேயே மட்டம் இறங்குவது கண்ணுக்குத் தெரியும். ஆவியாவது தண்ணீர் மட்டும். உப்பு உள்ளேயே நின்று கூடிக்கொண்டு போகும். அதனால் கண்ணாடியில் ஒரு கோடு போட்டு, குறைகிற அளவுக்கு நல்ல தண்ணீர் விட்டு நிரப்புவேன், கடல்நீர் அல்ல. பெட்டியைச் சுற்றி ஈரத்துணி, நிழல், மீன்தொட்டிக் காற்று மோட்டர். இரண்டு நாளுக்கு மேல் எதையும் வைத்திருப்பதில்லை. எடுத்த இடத்திலேயே கொண்டுபோய் விடுவேன்.

முதல் விருந்தாளி கரைவலையில் வந்தது. பக்கத்து வளவுத் தம்பி ஒரு சங்கைத் தண்ணீரோடு வாளியில் கொண்டு வந்தான். "அண்ணை, வலைக்குள்ள கிடந்தது. எறியிறதுக்கு முதல் உங்களுக்குக் காட்டுவம் எண்டு கொண்டந்தனான்." சங்குக்குள் துறவி நண்டு, சங்கின் முதுகில் இரண்டு சாமந்திகள். அப்போது அவை வெறும் பழுப்புக் கட்டிகள். நண்டு நடக்கையில் சங்கு ஒரு பக்கம் சரிந்து ஒரு கட்டி கண்ணாடியில் உரசியது. உடனே தண்டின் அடிப்பகுதியில் வரிசையாக இருந்த சிறு துளைகளிலிருந்து வெள்ளை நூல்கள் பீறிட்டு வந்தன. தையல் நூலை விட மெல்லியவை. சுருண்டு சுருண்டு கண்ணாடியில் ஒட்டிக்கொண்டன. சில இடங்களில் இளஞ்சிவப்பு மினுக்கம். ஐந்தாறு நிமிடம் கழித்து அந்த நூல்கள் மெதுமெதுவாக அதே துளைகளுக்குள் திரும்பிப் போனதை லென்ஸ் வழியாகப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

அந்த நூல்களுக்கு அக்கொன்சியா என்று பெயர். உள்ளே மடிந்து கிடக்கும், கொட்டும் கலங்கள் நிறைந்த நூல்கள். எல்லாச் சாமந்திக்கும் இது கிடையாது. இருந்தால் ஒரு பெரிய கூட்டத்துக்குள் போகும். இல்லாவிட்டால் வேறு பக்கம் தேட வேண்டும். ஒரு நூலைப் பார்த்தவுடன் பட்டியலில் பாதிப் பெயர்களை அடித்துவிடலாம். அடிப்பகுதித் துளை வரிசை, துறவி நண்டின் சங்கில் வாழ்வது, இந்த நூல்கள் மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் எங்கள் விருந்தாளி கல்லியாக்டிஸ் சாதி (சாதி என்பது கிட்டிய இனங்கள் சேர்ந்த பேரினம்). அதற்கு மேல் நான் போகவில்லை.

அதே சாமந்திகளை விரிந்த நிலையிலும் எடுக்க வேண்டியிருந்தது. தட்டித் தொந்தரவு செய்யாமல் துணியால் மூடி இருட்டாக்கி விட்டால் பெரும்பாலும் தாமாகவே விரியும். விரியாமல் அடம்பிடித்தால் இறாலை நசுக்கிய சாற்றில் ஒரே ஒரு துளி. வாசம் பட்டதும் பரிசக்கொம்புகள், அதாவது வாயைச் சுற்றி இதழ் போல் இருக்கும் கைகள், ஒவ்வொன்றாக நீளும். மருந்து கொடுத்துத் தளர வைக்கும் முறையும் உண்டு. மக்னீசியம் குளோரைட்டு நீரேற்று 75 கிராமை ஒரு லீற்றர் நல்ல தண்ணீரில் கரைத்து, அதைச் சம அளவு கடல்நீரோடு கலந்து பாவிப்பார்கள். ஆய்வுகூடத்தில் வெட்டிப் பார்க்கப் போகிறவர்களுக்கு அது அவசியம். வீட்டில் படம் எடுக்கிறவருக்கு இருட்டும் பொறுமையும் போதும் என்பது என் அபிப்பிராயம்.

படங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது நிறத்தைப் பற்றி ஒரு முடிவுக்கு வந்தேன். ஒரே விலங்கு மஞ்சள் பல்பின் கீழ் செம்மஞ்சள், காலை வெளிச்சத்தில் சாம்பல், சுருங்கும்போது கரும்பழுப்பு. நிறம்தான் முதலில் கண்ணில் படும். பெயர் வைக்கும்போது அதைக் கடைசியாகத்தான் கேட்க வேண்டும்.

சரி, மருமகளுக்கு என்ன சொன்னேன்? ஒவ்வொரு சாமந்தியையும் நாலு விதமாக எடு பிள்ளை என்றேன். மேலிருந்து ஒன்று, வாயும் பரிசக்கொம்பு வளையங்களும் தெரிய. பக்கத்திலிருந்து ஒன்று, தண்டு முழுதும் தெரிய. இதற்குப் போனைத் தண்ணீர் புகாத உறையில் போட்டுக் குட்டைக்குள் இறக்க வேண்டும். சுருங்கிய நிலையில் ஒன்று. தொட்டுச் சுருங்க வைக்கக்கூடாது, தண்ணீர் வற்றித் தாமாகச் சுருங்கியதைத் தேடி எடுக்க வேண்டும். கடைசியாக, எதில் ஒட்டியிருக்கிறது என்று தெரிய ஒரு அகலமான படம்: பாறையா, பாசியா, சிப்பியா, மணலா, வெயிலிலா, கல்லுக்குக் கீழா. அளவுக்கு அவளுடைய பிளாஸ்ரிக் அடிமட்டம். இதைப் பழகிய பிறகு வந்த படங்கள் முந்தியவற்றோடு ஒப்பிடவே முடியாதவை.

அவளுக்குக் கிடைத்தவற்றில் சுலபமானது கருஞ்சிவப்புச் சாமந்தி. தண்ணீர் வற்றியதும் பாறையில் ஒட்டிய ஜெலிக் கட்டி போல் சுருங்கிவிடும். அக்டினியா டெனெப்ரோசா. தென் ஆஸ்திரேலியக் கரைகளிலும் நியூசிலாந்திலும் சாதாரணம். 1898இல் ஃபார்குகார் என்பவர் விபரித்துப் பெயர் வைத்தார். இதிலேயே நிறம் ஏமாற்றும்: சிவப்பு மட்டுமல்ல, பழுப்பும் பச்சையும் உண்டு. பச்சை ஒன்றை அவள் வேறு இனம் என்று தனிக் கோப்பில் போட்டிருந்தாள். பக்கப் படத்தைப் பார்த்தால் தண்டு வழுவழுப்பு, பரு எதுவும் இல்லை, ஒரு மணல் துகள்கூட ஒட்டவில்லை. கழுத்து விளிம்பில், பரிசக்கொம்புகளுக்குக் கீழே, சிறு குமிழ்களின் வளையம். அந்தக் குமிழ்கள் சண்டைக்கு. வேற்றுக் கால்வழிச் சாமந்தி பக்கத்தில் வந்து முட்டினால் குமிழை ஊதி அதன்மேல் தேய்த்துக் கொட்டும். குஞ்சுகளைத் தாய் உடலுக்குள்ளேயே வளர்த்து வாய் வழியாக வெளியே விடும். பெரியதைச் சுற்றி மிளகளவு குஞ்சுகள் ஒட்டியிருந்தால் அதுவும் ஒரு தடயம்.

ஊலாக்டிஸ் மஸ்கோசாவும் வேறு காரணத்தால் சுலபம். அதன் தண்டில் ஒட்டும் பருக்கள் இருக்கின்றன. சிப்பித்துண்டும் மணலும் அவற்றில் பிடித்துக்கொள்ளும். சுருங்கினால் பாறை இடுக்கில் ஒரு பிடி சிப்பித்தூள் கொட்டிக் கிடப்பது போல்தான் தெரியும். விரிந்த படத்தில் பரிசக்கொம்புகளுக்கு வெளியே சுருக்குச் சுருக்கான கழுத்துப்பட்டி. முதலில் அவள் அனுப்பிய மேற்படத்தில் அந்தக் கழுத்துப்பட்டியைப் பாசி என்றுதான் இருவரும் நினைத்துக்கொண்டு பேசினோம். சுருங்கிய படம் வந்ததும் சந்தேகம் தீர்ந்தது.

அடுத்தது எனக்கு மிகவும் பிடித்தது: பாறையின் நிழல் பக்கத்தில் கூட்டமாக, இளஞ்சிவப்பும் செம்மஞ்சளுமாக. ஒவ்வொரு பரிசக்கொம்பின் நுனியிலும் குண்டூசித் தலை மாதிரி ஒரு உருண்டை. உருண்டை நுனியைக் கண்டால் நின்று யோசிக்க வேண்டும். இது கொரினாக்டிஸ் ஆஸ்திராலிஸ். உண்மையில் கடல் சாமந்தியே அல்ல, கல் பவளங்களுக்குக் கிட்டிய உறவு. பூப்போல் இருப்பதெல்லாம் ஒரே குடும்பம் இல்லை.

கோடு போட்ட சின்னச் சாமந்திகள்தான் நேரத்தைத் தின்றன. அந்தோத்தோ அல்போசிங்டா ஒரு சென்ரிமீற்றர், இரண்டு சென்ரிமீற்றர் உயரம். தண்டில் மேலிருந்து கீழாக வெள்ளைக் கோடுகள். உடலைப் பிளந்து பெருகுவதால் ஒரு பாறை முழுக்க ஒரே நிறக் கூட்டம் இருக்கும், கையெட்டும் தூரத்தில் வேறு நிறக் கூட்டம். இதற்கும் அக்கொன்சியா நூல் உண்டு. ஆனால் டயடுமெனி லினியாட்டா என்று இன்னொன்று இருக்கிறது. அதற்கும் கோடு, அதற்கும் நூல், அதுவும் பிளந்து பெருகும். கப்பல் அடியிலும் சிப்பிகளோடும் ஒட்டிக்கொண்டு உலகத்தின் பல துறைமுகங்களுக்குப் பரவிய இனம். கரும்பச்சைத் தண்டில் செம்மஞ்சள் கோடு என்றால் சுலபம். கோடே இல்லாமலும், கோடு வெள்ளையாகவும் வரும்போது இரண்டும் குழம்பும். அப்போது இடம் உதவுகிறது. அலை அடிக்கும் திறந்த பாறையா, அல்லது துறைமுகத்துக்குள், ஆற்று நீர் கலக்கும் சேற்றோரமா? லினியாட்டா உப்பு கூடினாலும் குறைந்தாலும் தாங்கும். இடத்தை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்ல முடியாது. எந்தப் பக்கம் முதலில் தேடுவது என்று சொல்லும்.

பரிசக்கொம்பு எண்ணுவதைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். பல சாமந்திகளில் அவை ஆறின் மடங்கில் வரும்: உள் வளையம் 6, அடுத்தது 6, பிறகு 12, 24, 48. முழுதாக வளர்ந்ததில் 96 இருக்கலாம். குஞ்சில் 12 அல்லது 24 மட்டும். எனவே எண்ணிக்கை மட்டும் போதாது, எந்த ஒழுங்கில் அடுக்கியிருக்கிறது என்பதும் வேண்டும். மேற்படத்தைப் போனில் பெரிதாக்கி, வாய்க்குக் கிட்டிய ஆறுக்கும் சிவப்புப் புள்ளி, அடுத்த ஆறுக்கு நீலம் என்று வைத்துக்கொண்டு போனால் ஒழுங்கு தெரிந்துவிடும். தெரியவே இல்லை, புள்ளிகள் எங்கோ நெருங்கி எங்கோ விட்டுப் போகின்றன என்றால் அதுவும் ஒரு செய்தி: பிளந்து பெருகும் விலங்கு, ஒரு பாதியை இப்போதுதான் புதிதாக வளர்க்கிறது. கோடு போட்ட கூட்டங்களில் இப்படித்தான் வந்தது. எல்லாம் ஆறிலும் அடங்காது. அந்தாட்டிக்காவின் ரொஸ் பனித்தட்டின் அடிப்பக்கத்தில், பனிக்குள் உடலைப் புதைத்துத் தலைகீழாகத் தொங்கும் எட்வர்ட்சியெல்லா அன்றிலே என்ற சாமந்தியை 2010இல் ஒரு ரோபோ கமரா கண்டது. 2013இல் பெயர் வைத்தார்கள். சுருங்கிய நிலையில் ஒரு அங்குலத்துக்கும் குறைந்த உடல், 20 முதல் 24 பரிசக்கொம்பு, அதில் உள் வளையம் எட்டு. கமரா கண்டதோடு பெயர் வந்துவிடவில்லை. பிடித்து எடுத்து வெட்டிப் பார்த்த பிறகுதான் வந்தது.

எங்களுடைய வேலைக்கு எல்லை அங்கேதான் இருக்கிறது. சாமந்தியின் உள்ளே உடலை அறை அறையாகப் பிரிக்கும் தடுப்புகள் எத்தனை, எந்தத் தசை எவ்வளவு தடிப்பு, கொட்டும் கலங்களுக்குள் இருக்கும் நுண்ணிய உறைகள் எந்த வகை, எத்தனை மைக்கிரோமீற்றர் நீளம் என்றெல்லாம் நுணுக்குக்காட்டியில் பார்த்துத்தான் பல சின்ன இனங்களை உறுதியாகப் பிரிக்க முடியும். சுவீடனைச் சேர்ந்த ஒஸ்கார் கார்ல்கிறன் 1949இல் உலகச் சாமந்திகளை எல்லாம் தொகுத்து வரிசைப்படுத்தியபோது கையாண்டதும் இந்த உள்ளமைப்பைத்தான். படத்தை வைத்துக்கொண்டு நாங்கள் சொல்லும் பெயர் அந்த அளவு உறுதி பெறாது. அதனால் எங்கள் பதிவில் ஒவ்வொரு படத்துக்கும் எதுவரை போக முடிந்தது என்று எழுதுகிறோம்: சிலதற்கு இனம், பலதற்குச் சாதி, சிலதற்கு "அக்கொன்சியா உள்ளது" என்ற ஒரே வரி. இணையத்தில் தெரியாததற்குத் துணிந்து முழுப்பெயர் போட்டுவிடுகிறார்கள். அடுத்தவர் அதைப் பார்த்துத் தன் படத்துக்கும் அதையே போடுகிறார். அரைப்பெயர் சரியாக இருப்பது, முழுப்பெயர் பிழையாக இருப்பதை விட எவ்வளவோ மேல்.

படத்திலேயே முழுப்பெயர்வரை போக முடிந்த ஒன்று குளிர்காலத்தில் வந்தது. கடற்பாசி இலையில் ஒட்டிய, ஒரு பட்டாணி அளவு சாமந்தி. மேற்படத்தில் ஒன்றும் விசேஷமில்லை. பக்கப் படத்தைப் பெரிதாக்கினால் தண்டின் நடுவில் இடுப்புக் கயிறு கட்டியது போல் ஒரு பள்ளம், அந்தப் பள்ளத்தில் வரிசையாக வெளிறிய மணிகள். இன்னும் பெரிதாக்கினேன். ஒரு மணியின் உச்சியில் ஊசிமுனை அளவில் பரிசக்கொம்புகள் விரிந்திருந்தன. மணிகள் எல்லாம் குஞ்சுகள். தாயின் வெளித்தோலில், அந்தப் பள்ளத்துக்குள் ஒட்டியே வளர்கின்றன. கிரிகோபோரஸ் நியூட்ரிக்ஸ், 1909இல் நியூசிலாந்திலிருந்து ஸ்ரக்கி விபரித்தது, தென்கிழக்கு ஆஸ்திரேலியாவிலும் உண்டு. பாசியில் வாழ்வதும் தண்டைச் சுற்றிய பள்ளத்தில் குஞ்சு வளர்ப்பதும் சேர்ந்து வந்ததால் இதற்கு இனப்பெயரையே எழுதினோம். இரவு பத்து மணிக்கு அவளைக் கூப்பிட்டேன். அங்கே நள்ளிரவு தாண்டியிருக்கும். "மாமா, உண்மையாவா? குஞ்சுகளா?" என்று கேட்டுவிட்டு அவளும் படத்தைப் பெரிதாக்கி எண்ணத் தொடங்கினாள்.

இந்தப் பழக்கத்தோடு எங்கள் பக்கத்தையும் பார்க்கத் தொடங்கியிருக்கிறேன். இலங்கையில் கடல் ஏறி இறங்குவது ஒரு மீற்றருக்கும் குறைவு; வற்றிய பாறைத்திட்டில் நடந்து பார்க்க முடியாது. நாலங்குல பிவிசி பைப் துண்டின் ஒரு முனையில் வட்டக் கண்ணாடி ஒட்டி, அதைத் தண்ணீரில் அமிழ்த்தி மேலிருந்து பார்க்கிறேன். வாடைக்காற்றுக் காலத்தில் கடலும் களப்பும் கலங்கிக் கிடக்கும், அப்போது வீண் முயற்சி. மழை ஓய்ந்து தண்ணீர் தெளிந்த பிறகு வட்டுவாகல் பக்கம், நந்திக்கடல் களப்பு கடலோடு சேரும் இடத்தில், செத்த சிப்பி ஓடுகளில் ஒரு சென்ரிமீற்றர்கூட இல்லாத பழுப்புச் சாமந்திகள் கண்ணில் பட்டன. ஓட்டோடு எடுத்துப் பெட்டியில் வைத்தேன். தண்டு வழுவழுப்பு, ஒல்லி, மேலே எக்காளம் போல் விரிவு. கோடு இல்லை. ஓட்டைத் திருப்பி வைத்தபோது வெள்ளை நூல் வெளியே வந்தது. பரிசக்கொம்பு ஒழுங்கு ஆறில் அடங்கவில்லை. அடித்தட்டின் (ஓட்டில் ஒட்டிக்கொள்ளும் அடிப்பாகம்) ஓரத்தில் பிய்ந்து விழுந்த சிறு துணுக்குகள் இரண்டு இருந்தன. மறுநாள் அவை வட்டமாகத் திரண்டிருந்தன. அடித்தட்டுத் துணுக்கிலிருந்து பெருகுவது எக்சைப்டேசியா என்ற சாதியின் வழக்கம். உருவமும் அதற்குப் பொருந்துகிறது. ஆனால் களப்பில் உப்பு மழைக்கு ஒரு அளவு, வெயிலுக்கு ஒரு அளவு. அதைத் தாங்கும் கோடில்லாத டயடுமெனியையும் விலக்கிவிட முடியவில்லை. பதிவில் "அக்கொன்சியா உள்ளது, எக்சைப்டேசியா போன்றது" என்று எழுதி, ஓடுகளை எடுத்த இடத்திலேயே போட்டுவிட்டேன்.

மருமகளிடம் இன்னும் பெயரில்லாமல் நிற்பவை மூன்று. ஒன்று மணலில் புதைந்து பரிசக்கொம்பு மட்டும் வெளியே நீட்டியிருப்பது. அதற்குத் தண்டின் படமே இல்லை, தோண்டவும் கூடாது. மற்ற இரண்டும் கோடு போட்டவை. சுருங்கிய படமும், ஒட்டியிருக்கும் கல்லின் அகலப் படமும் வந்தால் இரண்டில் ஒன்றையாவது அந்தோத்தோவுக்குள் போட்டுவிடலாம் என்று நினைக்கிறேன். அடுத்த பெரிய வற்றுக்கு அவள் மஷ்ரூம் றீஃப் பக்கம் போகிறாள். அடிமட்டத்தையும் போன் உறையையும் மறக்காமல் எடுத்துக்கொண்டு போகச் சொல்லியிருக்கிறேன்.